தாம்பரத்தைப் போன்ற ஒரு புறநகரின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

புறநகர்களைப் பற்றி எழுதப்படும் ஊர் வரலாறுகள் பெரும்பாலும் கோயில் தலபுராணத்தில் தொடங்குகின்றன. ஊர்ப்பெயருக்கு ஒரு கதை வரும். அங்கிருந்து ஒரே தாவலில் "இன்று அசுர வளர்ச்சி அடைந்துள்ளது" என்று வந்து நின்றுவிடும். நடுவிலுள்ள நூறு ஆண்டுகளைக் காணோம். ஏரிப் பாசன வயல் வீட்டுமனை ஆனதும், மேய்ச்சல் நிலத்தில் தொழிற்பேட்டை வந்ததும், ஊராட்சி நகராட்சியாகி மாநகராட்சி ஆனதும் அந்த நூறு ஆண்டுகளில்தான்.

எங்கள் கருத்தில் புறநகரின் வரலாறு என்பது நிலத்தின் வரலாறு. எந்த நிலம், யார் கையிலிருந்து யார் கைக்கு, எப்போது, எதற்காகப் போனது என்று சொல்லிவிட்டால் மற்றவை தானாக வந்து பொருந்தும். அதற்குப் பிடிமானம் சர்வே எண். இந்த வழிகாட்டி தாம்பரத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என எந்த ஊருக்கும் இதே வழிதான்.

முதலில் எல்லையைத் தீர்மானியுங்கள்

"தாம்பரம்" என்று எழுதும்போது எந்தத் தாம்பரம்? வருவாய்க் கிராமமா, 1964-இல் அமைந்த நகராட்சியா, 2021 நவம்பர் 3 அன்று உருவான மாநகராட்சியா? மூன்றும் வேறு வேறு பரப்பு. மாநகராட்சிக்குள் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் வந்து சேர்ந்தன.

இதைக் கவனிக்காமல் மக்கள்தொகை அட்டவணை போடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பழைய நகராட்சிக்கு 2001 கணக்கெடுப்பில் சுமார் 1.38 லட்சம் பேர், 2011-இல் சுமார் 1.75 லட்சம் பேர். பத்தாண்டு வளர்ச்சி ஏறத்தாழ 27 விழுக்காடு. இதன் பக்கத்தில் மாநகராட்சியின் மக்கள்தொகையைப் போட்டால் ஊர் ஒரே பாய்ச்சலில் பல மடங்கு பெருத்ததுபோல் தெரியும். பெருத்தது எல்லை, மக்கள் அல்ல.

சரியான முறை இது. இன்றைய எல்லைக்குள் அடங்கும் வருவாய்க் கிராமங்களின் பட்டியலை முதலில் எழுதுங்கள். ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அந்தக் கிராமங்களின் எண்ணிக்கையை மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டிலிருந்து எடுத்துக் கூட்டுங்கள். கையேட்டில் கிராம வாரியாகவும் நகர வார்டு வாரியாகவும் தனித்தனி அட்டவணைகள் இருக்கும். ஒரு கிராமம் நகரத்தோடு சேர்ந்ததும் கிராமப் பட்டியலிலிருந்து மறைந்து வார்டாக நகரப் பட்டியலில் நுழையும். அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுவே ஒரு வரலாற்றுச் செய்தி. 2021-இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2011-க்குப் பிந்தைய எண் எதுவானாலும் அது மதிப்பீடு என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

மாவட்டப் பெயரும் மாறிக்கொண்டே வரும். 1997 வரை செங்கல்பட்டு, பிறகு காஞ்சிபுரம், 2019 நவம்பர் 29 முதல் மறுபடி செங்கல்பட்டு. இன்னும் பழைய தாள்களில் சைதாப்பேட்டை வட்டம் என்று தேட வேண்டும். இன்றைய தாம்பரம் வட்டத்தை மட்டும் தேடினால் பாதி ஆவணம் கண்ணில் படாது.

சர்வே எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரே துண்டு நிலத்துக்குக் காலத்துக்கொரு எண் உண்டு. மிகப் பழையது பைமாஷ் எண், அதாவது தொடக்ககால அளவையில் நிலத்துக்குக் கொடுத்த எண். அதற்குப் பின் நில வரியை நிர்ணயித்த செட்டில்மெண்ட் காலத்து சர்வே எண். நில ஆவணங்களைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பணியில் உட்பிரிவுகள் புதிதாக எழுதப்பட்டன, ஏக்கர்-சென்ட் கணக்கு ஹெக்டேர்-ஏர் ஆனது (1 ஏர் 100 சதுர மீட்டர்). நகர நில அளவை நடந்த இடங்களில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) என்று இன்னொரு அடுக்கு. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலை நில அளவைப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் 1910-ஆம் ஆண்டின் எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒன்றென்று நம்பி எழுதினால் ஏரி இருந்த இடத்தில் தோப்பையும் தோப்பு இருந்த இடத்தில் சுடுகாட்டையும் வைத்துவிடுவீர்கள்.

அடிப்படை ஆவணம் 'அ' பதிவேடு, கிராமத்தின் ஒவ்வொரு நிலத்தையும் வரி வரியாகப் பட்டியலிடும் வருவாய்ப் பதிவேடு. ஒரு வரியை நிதானமாகப் படித்தால் போதும், அந்த நிலம் பேசத் தொடங்கும். முதலில் புல எண், உட்பிரிவு, பழைய எண். அடுத்து அது ரயத்துவாரியா (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நிலம்), இனாமா (கொடை நிலம்), புறம்போக்கா என்ற குறிப்பு. பிறகு நஞ்சையா புஞ்சையா, பாசனம் எந்த ஏரியிலிருந்து, ஒருபோகமா இருபோகமா, மண் வகை, தரம், பரப்பு, தீர்வை, பட்டா எண், பெயர். கடைசியில் குறிப்பு என்றொரு கட்டம் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. "களம்", "ஓடை", "மேய்க்கால்", "ஏரி உள்வாய்", "வண்டிப்பாதை" போன்ற சொற்கள் பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

செட்டில்மெண்ட் பதிவேட்டையும் யு.டி.ஆர். பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, பாசன ஆதாரம் என்ற கட்டத்தை மட்டும் ஒப்பிடுங்கள். முன்னதில் ஏரியின் பெயர் இருந்து பின்னதில் புஞ்சை என்று மாறியிருந்தால் இடைப்பட்ட காலத்தில் மதகோ வாய்க்காலோ செயலிழந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். இந்தப் பகுதியில் சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை, இரும்புலியூர் என்று அடுத்தடுத்து ஏரிகள். ஒவ்வொன்றின் ஆயக்கட்டும் (பாசனம் பெறும் நிலப்பரப்பு) எப்போது சுருங்கியது என்பது ஊர் எந்தத் திசையில் வளர்ந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி. யு.டி.ஆர். பதிவுகளில் பெயர் விடுபடுவதும், புறம்போக்கும் பட்டா நிலமும் மாறிப் பதிவாவதும் எல்லோருக்கும் தெரிந்த குறை. ஆகவே அதை மட்டும் வைத்து "இங்கே ஏரியே இல்லை" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அளவை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை: 1 ஏக்கர் 43,560 சதுர அடி, 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 கிரவுண்டு 2,400 சதுர அடி. செங்கல்பட்டுப் பகுதியில் 24 மனை (கிரவுண்டு) ஒரு காணி, அதாவது ஏறத்தாழ 1.32 ஏக்கர். 'அ' பதிவேட்டில் 0.40.50 என்றிருந்தால் அது 40.50 ஏர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். தசமப் புள்ளியைத் தப்பாகப் படித்துப் பத்து மடங்கு பிசகுவது அடிக்கடி நடக்கும்.

வருவாய்க் கணக்குகளில் ஆண்டு பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. வெறும் 1950 என்று எழுதினால் பாதி நேரம் தவறாகும்.

எந்த ஆவணம் எங்கே கிடைக்கும்

'அ' பதிவேடு, பட்டா, புல வரைபடம் மூன்றையும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் பார்க்கலாம். செட்டில்மெண்ட் காலத்துத் தாள்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தையும் மாவட்ட ஆவணக் காப்பறையையும் நாட வேண்டும். 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் கணக்குப்பிள்ளை வீட்டில் இருந்த கணக்குகள் எல்லாம் முழுதாக அலுவலகம் வந்து சேர்ந்துவிடவில்லை. பழைய கணக்குப்பிள்ளைக் குடும்பங்களை மரியாதையாக அணுகிக் கேளுங்கள். மூலத்தை வாங்கிச் செல்லாமல் அங்கேயே படம் எடுத்துக்கொள்வது நல்லது.

எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-இல் கட்டப்பட்டது. ஆய்வு நோக்கத்தைச் சொல்லும் கடிதமும் அடையாளச் சான்றும் கொண்டு போங்கள். அங்கே ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் வேலை நகராது. அரசாணை எண், துறை, தேதி மூன்றும் வேண்டும். எண் தெரியாவிட்டால் அந்த ஆண்டின் துறைவாரி அகரவரிசையை எடுத்து ஊர்ப்பெயர், வட்டம், மாவட்டம் மூன்றின் கீழும் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கோவை காலத்துக்குக் காலம் மாறும், ஆகவே இரண்டு மூன்று விதமாகத் தேடுவது கட்டாயம்.

செங்கல்பட்டுப் பகுதிக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக (வருவாய் உரிமையோடு) கொடுத்த இந்தப் பகுதியைத் தாமஸ் பார்னார்டு 1767 முதல் 1774 வரை கிராமம் கிராமமாக அளந்தார். எத்தனை வீடு, எந்தெந்தத் தொழில் செய்வோர், எத்தனை காணி நிலம், எத்தனை ஏரி, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவரங்கள் அதில் உண்டு. அதற்கு அடிப்படையான ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கிராமத்தை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கும் வாய்ப்பு வேறு பல மாவட்டங்களுக்கு வாய்க்கவில்லை. இதை விட்டுவிட்டுத் தலபுராணத்தோடு நிறுத்திக்கொள்வது பெரிய இழப்பு. 1879-இல் குரோல் எழுதிய செங்கல்பட்டு மாவட்டக் கையேடும் அடுத்தபடியாகப் பயன்படும்.

கல்வெட்டுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகளையும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளையும் பாருங்கள். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் போன்ற சோழர் காலக் கோயில்களின் கல்வெட்டில் அரசன் பெயரைவிட நான்கெல்லை சொல்லும் வரிகள் உங்களுக்கு முக்கியம். கிழக்கெல்லையில் எந்த வாய்க்கால், மேற்கெல்லையில் எந்த ஊர் என்பது இன்றைய வரைபடத்தோடு பல இடங்களில் ஒத்துப்போகும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவதானால் ஒரு மனுவில் ஒரு பொருளைப் பற்றி மட்டும் கேளுங்கள். "ஏன் இப்படி ஆயிற்று" என்ற கேள்விக்குப் பதில் வராது. "இந்த அரசாணையின் நகல்", "இந்தத் தீர்மானப் புத்தகத்தின் இந்தப் பக்கங்களின் நகல்" என்று ஆவணத்தைக் கேட்டால் வரும். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதுங்கள். நகராட்சி, பேரூராட்சிகளின் மன்றத் தீர்மானப் புத்தகம்தான் இதில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சந்தைக் குத்தகை எல்லாம் அங்கே தேதியோடு இருக்கும்.

மனைப்பிரிவு வந்த ஆண்டைக் கண்டுபிடிக்க

ஊரின் வளர்ச்சியை உண்மையில் காட்டுவது இதுதான். ஒரு சர்வே எண்ணை எடுத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். ஏறத்தாழ 1975-க்குப் பிந்தையவற்றை இணையத்திலேயே பார்க்கலாம், அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு. வயலாக இருந்த காலத்தில் பத்தாண்டுக்கு ஒன்றோ இரண்டோ பதிவு இருக்கும்: பாகப்பிரிவினை, அடமானம், ஒரு கிரயம். பிறகு, நிலத்தை விற்க இன்னொருவருக்கு உரிமை தரும் ஒரு பொது அதிகாரப் பத்திரம் வரும். அடுத்த சில மாதங்களில் அதே எண்ணில் 1,200 சதுர அடி, 2,400 சதுர அடி என்று கிரயங்கள் வரிசையாகக் கொட்டும். அந்த ஆண்டுதான் வயல் மனையான ஆண்டு. பத்துப் பதினைந்து சர்வே எண்களுக்கு இப்படிச் செய்து வரைபடத்தில் ஆண்டுவாரியாக வண்ணம் தீட்டினால் ஊர் எந்தச் சாலை வழியே எப்போது நகர்ந்தது என்பது கண்முன் நிற்கும்.

இங்கே சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒரே கிராமம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கும். ஒரு அலுவலகத்தில் மட்டும் பார்த்துவிட்டு "அதற்கு முன் பதிவே இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டாவது, மனைப்பிரிவு அங்கீகார எண்ணை மட்டும் நம்பினால் பாதி ஊர் விடுபடும். அங்கீகாரமில்லாத மனைகளுக்கு 2016 அக்டோபர் 20-ஐ எல்லைத் தேதியாக வைத்து 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அந்தப் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள்.

பத்திரங்களில் உள்ள தனியார் பெயர்களை அச்சிடாதீர்கள். "ஒரு நிலக்கிழார் குடும்பம்", "மனை வணிக நிறுவனம் ஒன்று" என்று எழுதினால் வரலாற்றுக்கு எந்தக் குறையும் வராது, வழக்கும் வராது.

பின்கோடு ஒரு சிறு துப்பு. 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு முறை வந்தது. பல்லாவரம் 600043, குரோம்பேட்டை 600044, மேற்குத் தாம்பரம் 600045, தாம்பரம் சானடோரியம் 600047, வண்டலூர் 600048 என்று ரயில் பாதையை ஒட்டியே எண்கள் போகின்றன. கிழக்குத் தாம்பரம் 600059, சிட்லபாக்கம் 600064, சேலையூர் 600073 என்று உள்ளே போகப் போக எண் கூடுகிறது. மாடம்பாக்கத்துக்கு 600126. ஆனால் ரயில் பாதையிலேயே உள்ள பெருங்களத்தூர் 600063. ஆகவே இதை ஆதாரமாகக் கொள்ளாமல், அஞ்சலகம் தொடங்கிய ஆண்டைத் தேடுவதற்கான தூண்டுதலாக மட்டும் கொள்ளுங்கள்.

வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தல்

இந்திய நில அளவைத் துறையின் தாம்பரம் பகுதித் தாள் 66 டி/1. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் வந்த பழைய பதிப்பும் 1:50,000 அளவில் வந்த பிந்தைய பதிப்பும் கிடைத்தால் இரண்டையும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பொருத்துங்கள். இரண்டு படத்திலும் ஒரே இடமென்று அடையாளம் தெரியும் பொருத்துப் புள்ளிகள் குறைந்தது ஆறு வேண்டும், அவை தாள் முழுவதும் பரவியிருக்க வேண்டும். கோயில் குள மூலை, மலை உச்சி, ஏரிக்கரை வளைவு ஆகியவை நம்பகமானவை. சாலைச் சந்திப்பை எடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) சாலை அகலப்படுத்தப்பட்டு மேம்பாலங்கள் வந்தபின் சந்திப்புகள் பழைய இடத்தில் இல்லை.

செயற்கைக்கோள் படத்தில் ஏரியின் பரப்பை அளக்கும்போது மாதத்தைப் பாருங்கள். மே மாதப் படத்தில் வறண்ட ஏரி ஆக்கிரமிக்கப்பட்டதுபோல் தெரியும். டிசம்பர், ஜனவரிப் படங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தண்ணீர் நின்ற இடங்களைப் பழைய தாளின் நீல நிறத்தோடு பொருத்திப் பாருங்கள். அந்த ஒரு படம் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அதிகம் சொல்லும்.

பெரியவர்களிடம் கேட்பது

"அந்தக் காலத்தில் ஊர் எப்படி இருந்தது" என்று கேட்டால் "ஒரே காடு, நரி ஊளையிடும்" என்ற பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: குடிதண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, முதல் மின்விளக்கு எந்தத் தெருவில், பிரசவத்துக்கு எங்கே போனீர்கள், ரயில் நிலையத்துக்கு எந்த ஒற்றையடிப் பாதை, சீசன் டிக்கெட் என்ன விலை.

ஆண்டைக் கேட்காதீர்கள், ஆண்டு தப்பும். நிகழ்ச்சியோடு கட்டுங்கள்: அண்ணா இறப்பதற்கு முன்பா பின்பா, எம்.ஜி.ஆர். மறைந்தபோது இந்தச் சாலை தார் போட்டிருந்ததா, சுனாமி வந்தபோது மீட்டர்கேஜ் மின்ரயில் ஓடியதா? கடைசிக் கேள்விக்கு ஒருவர் "ஓடியது" என்றால் அவர் சொல்லும் மற்ற காலக் கணக்கையும் சரிபார்க்க வேண்டும். கடற்கரை-தாம்பரம் மீட்டர்கேஜ் சேவை 2004 ஜூலையோடு முடிந்தது, சுனாமி அந்த டிசம்பரில்.

நிலம் வைத்திருந்தவர்களை மட்டும் கேட்டால் பாதி ஊர்தான் கிடைக்கும். திரிசூலம், பம்மல் கல்குவாரிகளில் வேலை செய்தவர்கள், நாகல்கேணித் தோல் தொழிலாளர்கள், அனகாபுத்தூர் நெசவாளர்கள், ரயில்வே ஊழியர்கள், சானடோரியம் ஏற்றுமதி மண்டலத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன பெண்கள் ஆகியோரின் பேச்சில்லாமல் இந்தப் பகுதியின் வரலாறு நிறைவு பெறாது. பதிவு செய்யும் முன் ஒப்புதல் கேளுங்கள், பெயர் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள், ஒலிக்கோப்பை அன்றே இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

எழுதும்போது

ஒரு நிகழ்வுக்கு மூன்று தேதிகள் இருக்கும். தாம்பரம் மாநகராட்சிக்கான அறிவிப்பு 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் வந்தது. உருவானது நவம்பர் 3. 70 வார்டுகளுக்கு முதல் தேர்தல் 2022 பிப்ரவரி 19. எந்தத் தேதியைச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். திறப்புவிழாக் கல்வெட்டில் உள்ள தேதி பெரும்பாலும் விழாத் தேதிதான். கட்டடம் பயன்பாட்டுக்கு வந்த நாள் வேறாக இருக்கலாம். இன்னொரு கண்ணி: 2004-இல் பேரூராட்சிகள் பல சிறப்பு ஊராட்சிகளாக மாற்றப்பட்டு 2006-இல் மறுபடி பேரூராட்சிகளாயின. இடைப்பட்ட தாள்களில் ஊராட்சி என்றிருப்பதைப் பார்த்து ஊர் தரம் இறங்கிவிட்டதாக எழுதிவிடாதீர்கள்.

வரிசையாக வந்ததெல்லாம் காரணம் ஆகாது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் 1931-இல் வந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகரத்திலிருந்து இங்கே இடம் பெயர்ந்தது. மின்ரயிலால்தான் கல்லூரி வந்தது என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் 365 ஏக்கரில் ஒரு வளாகம் எழுப்பும் முடிவு பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கல்லூரி நிர்வாகக் குறிப்புகளைப் பார்க்காமல் காரணம் சொல்லாதீர்கள். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் சானடோரியம் மின்ரயிலுக்கும் முந்தியது என்பதை நினைவில் வையுங்கள். மாறாக, குரோம்பேட்டைக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரே அந்த ஊரின் பெயர்.

தொல்பழமைக்கு அளவாக இடம் கொடுங்கள். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலில் அது பெரிய நாள், ஒரு பக்கம் தாராளமாக எழுதலாம். ஆனால் அந்தக் கல்லைச் செதுக்கியவருக்கும் இன்றைய ஊருக்கும் தொடர்ச்சி இருப்பதுபோல் எழுதுவது உண்மையாகாது. நூறு பக்கப் புத்தகம் என்றால் 1900-க்கு முந்தைய காலத்துக்கு இருபத்தைந்து பக்கம், 1900 முதல் 1970 வரை முப்பது, அதற்குப் பிந்தையதற்கு மீதி என்பது எங்கள் பரிந்துரை. 1984-இல் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தபின் நடந்ததைச் சொல்லவே இடம் போதாமல் போகும்.

பின்னிணைப்பாக ஒரு அட்டவணை கட்டாயம் போடுங்கள். கிராமம், பழைய சர்வே எண், இன்றைய எண், செட்டில்மெண்ட்டில் இருந்த வகை, மனைப்பிரிவான ஆண்டு, இன்று அங்கே இருப்பது என்று ஆறு கட்டங்கள் போதும். அச்சுப்படியோடு அதை விரிதாள் கோப்பாகவும் ஊர் நூலகத்திலும் பள்ளி, கல்லூரி நூலகங்களிலும் கொடுத்து வையுங்கள். ஏரி மீட்பு வழக்குக்கோ வடிகால் திட்டத்துக்கோ யாராவது தேடி வருவது பெரும்பாலும் அந்த அட்டவணைக்காகத்தான் இருக்கும்.